குயீன் குழுவின் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்': இருபது ஆண்டுப் பழக்கம்

முதலில் கேசட், பிறகு குறுந்தகடு என்று பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான குயீனின் இந்தத் தொகுப்பை இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுவருகிறேன். நாடா தளர்ந்து, 'பைசைக்கிள் ரேஸ்' பாட்டின் சைக்கிள் மணிகள் அழத் தொடங்கிய பிறகுதான் கேசட்டைக் கைவிட்டேன்.

1981 அக்டோபரில் பிரிட்டனில் வெளியானது; 17 பாடல்கள். அந்நாட்டில் இதைவிட அதிகம் விற்ற ஆல்பம் கிடையாது. பாடல்கள் வெளிவந்த வருட வரிசையில் அடுக்கப்படவில்லை என்பது ஆரம்பத்தில் எனக்கு உறுத்தியது. இப்போது அந்த அடுக்கில்தான் இதன் அழகே இருக்கிறது என்பேன். 1975-ல் வந்த 'போஹீமியன் ராப்சடி' முடியும்போது ஒரு பெரிய சேகண்டி மெல்ல ஒலித்து அடங்கும். அந்த அமைதியில் ஜான் டீக்கனின் பேஸ் கிட்டார் அடியெடுத்து வைக்கும்: 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்', 1980. இன்று 'போஹீமியன் ராப்சடி'யை எங்கே கேட்டாலும், சேகண்டி அடங்கியதும் என் காது அந்த பேஸைத் தேடுகிறது.

நால்வருமே பாட்டு எழுதத் தெரிந்தவர்கள் என்பது குயீனின் பெரும் பலம். 'வீ வில் ராக் யூ' கிட்டார் வாசித்த பிரையன் மே எழுதியது. அதை ஒட்டியே வரும் 'வீ ஆர் த சாம்பியன்ஸ்' பாடகர் ஃபிரெட்டி மெர்க்குரியுடையது. டிரம்ஸ் வாசித்த ரோஜர் டெய்லரின் பாட்டு மட்டும் இதில் ஒன்றுகூட இல்லை. அவர் எழுதிய 'ரேடியோ கா கா' 1984-ல்தான் வந்தது. அது இரண்டாம் தொகுப்பில் இருக்கிறது.

'நவ் ஐம் ஹியர்' பாட்டை ஹெட்போனில் கேளுங்கள். தொடக்கத்தில் மெர்க்குரியின் குரல் ஒரு காதிலிருந்து மறு காதுக்குத் தாவுவது ஸ்பீக்கரில் இவ்வளவு துலக்கமாகத் தெரியாது.

ஒரு குறையை அழுத்திச் சொல்ல வேண்டும். 'செவன் சீஸ் ஆஃப் ரை' பாட்டின் முடிவில் கூட்டமாக ஒரு பழைய கடற்கரைப் பாட்டைப் பாடுவார்கள். தொகுப்பில் அது அங்கேயே தேய்ந்து மறைகிறது. உண்மையில் இது 'குயீன் 2' ஆல்பத்தின் கடைசிப் பாடல். அதே 1974-ல் வந்த அடுத்த ஆல்பமான 'ஷியர் ஹார்ட் அட்டாக்', திருவிழா இரைச்சலோடு தொடங்கும். அதற்குள் யாரோ அதே கடற்கரை மெட்டைச் சீட்டியடித்துக்கொண்டு போவார்கள்! தொகுப்பை மட்டுமே கேட்ட பல ஆண்டுகள் இது எனக்குத் தெரியாமல் போயிற்று. தெரிந்த அன்று இரவு இரண்டையும் அடுத்தடுத்து நான்கு முறை போட்டுக் கேட்டேன். ஆகவே தொகுப்பு பிடித்துவிட்டால் அங்கேயே நின்றுவிடாதீர்கள்.

வாங்குவோர் பாடல் பட்டியலைப் பார்த்து வாங்குங்கள். 1981-ன் அமெரிக்கப் பதிப்பில் பாடல்கள் வேறு; டேவிட் போவியுடன் பாடிய 'அண்டர் பிரஷர்' அதில் உண்டு, பிரிட்டிஷ் பதிப்பில் இல்லை. 1999-ல் வந்த மூன்றாம் தொகுப்பு தீவிர ரசிகர்களுக்கு மட்டும்.

இரண்டாம் தொகுப்பு 1991 அக்டோபர் 28 அன்று வெளியானது. நவம்பர் 24 அன்று மெர்க்குரி இறந்துவிட்டார். அதில் 16-ஆவது பாடல் 'த ஷோ மஸ்ட் கோ ஆன்'. 17-ஆவதாக 'ஒன் விஷன்' வருகிறது. நல்ல பாட்டுதான். ஆனாலும் நான் 16-ஆவதோடு நிறுத்திவிடுவேன்.