பிணைக்குப் போன வீடா, எண்ணெய் ஊறும் காணியா: மலையகத்தில் சொத்துக் கதை எடுக்க நினைப்பவர்கள் எதை முதலில் பார்ப்பது?

குடும்பம், சொத்து, குற்றம் மூன்றையும் வைத்துச் சின்னச் செலவில் படம் எடுக்க எதைப் பார்த்துப் படிப்பது என்று கேட்டால், நம் பக்கத்துப் பெடியன்கள் பெரும்பாலும் 'ஹெல் ஆர் ஹை வாட்டர்' என்பார்கள். என்னைக் கேட்டால் 'விண்டர்ஸ் போன்'. இரண்டுமே நல்ல படங்கள்தான், நான்கு நான்கு ஒஸ்கார் பரிந்துரைகள் பெற்றவை. ஆனால் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில், டயகமவிலோ பசறையிலோ இருந்துகொண்டு கதை எழுதும் ஒருவருக்கு இரண்டும் ஒரே அளவில் உதவாது.

2016இல் வந்த ஹெல் ஆர் ஹை வாட்டரை டேவிட் மக்கென்சி இயக்கினார், எழுதியவர் டேலர் ஷெரிடன். டெக்சாஸில் அண்ணன் தம்பி இருவர். செத்துப்போன தாய் பண்ணைக் காணியை வைத்து வங்கியில் கடன் வாங்கியிருக்கிறார், கட்டாவிட்டால் காணி போய்விடும், அந்தக் காணிக்கு அடியிலோ எண்ணெய். அதனால் அதே வங்கியின் கிளைகளைக் கொள்ளையடித்து அதே வங்கியின் கடனை அடைக்கிறார்கள். கேட்டவுடனே பிடித்துப்போகிற கதை. சின்னச் சின்ன ஆட்களைக்கூட ஷெரிடன் எழுதியிருக்கும் விதத்தைப் படிக்கத்தான் வேண்டும். சாப்பாட்டுக்கடையில் பரிமாறும் பெண்ணுக்குத் தம்பி இருநூறு டொலர் வைத்துவிட்டுப் போகிறான், அதைச் சாட்சிப்பொருளாகக் கேட்கும் பொலிஸ்காரரிடம் அவள் கொடுக்க மாட்டேன் என்று நிற்கிறாள், அவளுக்கு அது வீட்டுக் கடனின் மாதத் தவணையில் பாதி. நுண்கடன் வாங்கிவிட்டு வாராவாரம் தவணைக்காரருக்குப் பயந்து கதவைச் சாத்துகிற நம் பெண்களுக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்கத் தேவையில்லை.

சரி, அப்புறம் எங்கே இடிக்கிறது? அந்தக் கதை ஒரு காணி உறுதியில் (சொத்துப் பத்திரத்தில்) தொடங்கி அதே உறுதியில் முடிகிறது. அப்பன் பாட்டன் காணி, அதைப் பிள்ளைகளின் பெயருக்கு மாற்றிவிட்டால் வெற்றி. நம்மிடம் அந்த உறுதியே இல்லையே. நூற்றைம்பது வருடத்துக்கு மேலாகக் குடியிருக்கிற லயத்துக் காம்பரா (தோட்டத்து வரிசை வீட்டில் ஓர் அறை) நமக்குச் சொந்தமில்லை. எழுபதுகளில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது, 1992இல் நிர்வாகத்தைக் கம்பனிகளுக்குக் கொடுத்தது, நடுவில் குடியிருப்பவன் பெயர் எங்கேயும் ஏறவில்லை. வீடு கட்ட ஏழு பேர்ச்சஸ், பத்துப் பேர்ச்சஸ் காணி என்று பேச்சு நடக்கிறது, கொஞ்சப் பேருக்கு வீடும் கிடைத்திருக்கிறது, மற்றவர்கள் இன்னும் லயத்தில்தான். ஆக, அந்தக் கதையை இங்கே அப்படியே இறக்கினால் சகோதரர்கள் காப்பாற்றுவதற்கு ஒன்றுமே இருக்காது.

விண்டர்ஸ் போன் 2010இல் வந்தது. டெப்ரா கிரானிக் இயக்கம், செலவு சுமார் இருபது லட்சம் டொலர், ஹொலிவூட் கணக்கில் அது சில்லறை. மிசூரி மாநிலத்து ஓசார்க் மலைப்பகுதி, குளிர்காலம். பதினேழு வயது ரீ, அந்தப் பாத்திரத்தில் ஜெனிபர் லாரன்ஸ். அம்மா சுகமில்லாமல் பேச்சற்றுக் கிடக்கிறார், கீழே ஒரு தம்பியும் தங்கச்சியும். போதைப்பொருள் வழக்கில் மாட்டிய அப்பா வீட்டையும் மரக்காட்டையும் பிணைக்கு வைத்துவிட்டுக் காணாமல் போய்விட்டார். தவணைக்கு அவர் நீதிமன்றத்துக்கு வராவிட்டால் வீடு போகும். அவள் ஒவ்வொரு சொந்தக்காரர் வீட்டு வாசலிலும் போய் நின்று கேட்கிறாள். எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாயைத் திறப்பதில்லை.

இதை நம் தோட்டத்துக்கு மாற்றிப் பாருங்கள். காம்பரா நிற்பது செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலையாள் பதிவில், இருக்கிற ஒரு பெயரில். அம்மா ஓய்வு பெற்றால் வீட்டிலிருந்து வேறொருவர் பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு) போகவேண்டும், இல்லையென்றால் காம்பராவை விடச் சொல்லிப் பேச்சு வரும். கொழும்புக் கடையில் வேலை பார்க்கும் பிள்ளையைத் திரும்பக் கூப்பிடுவது இதற்காகத்தான். ஒரு ஆளின் பெயரும் அந்த ஆள் வந்து நிற்பதும்தான் வீட்டைத் தாங்குகின்றன என்பதில் ரீயின் வீடும் நம் காம்பராவும் ஒன்று. அந்த வாசல் காட்சிகளும் அப்படித்தான். லயத்தில் எல்லோரும் மாமா, சித்தப்பா, அத்தை. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பது இந்தப் பக்கம் கேட்கும், ஆனால் பொலிஸ் வந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது.

கடைசிப் பகுதியையும் சொல்லிவிடுகிறேன், தெரிந்துகொண்டு பார்த்தாலும் கெடாது. அப்பா செத்துவிட்டார் என்று நிரூபித்தால்தான் வீடு மிஞ்சும். முன்பு அவளை அடித்த அதே பெண்களே இரவில் அவளைத் தோணியில் குளத்துக்குக் கூட்டிப்போகிறார்கள். தண்ணீருக்குள் கையை விட்டு அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, மரமறுக்கும் இயந்திர வாளால் அறுக்கிறார்கள். ஒரு கை வந்ததும் அவள் உடலை விட்டுவிடுகிறாள். இரண்டும் வேண்டும், ஒன்று மட்டும் கொடுத்தால் ஜெயிலுக்குத் தப்ப அவரே வெட்டிக்கொண்டார் என்பார்கள் என்று அந்தப் பெண்களில் ஒருத்தி சொல்கிறாள். சொத்துக்காகப் பிள்ளை செய்யவேண்டியது என்ன என்பதை இந்த அளவுக்குக் கூச்சப்படாமல் காட்டிய இன்னொரு படத்தை நான் பார்க்கவில்லை.

மூன்றாவதாக, சிட்னி லூமெட்டின் கடைசிப் படம், 2007இல் வந்த 'பிஃபோர் த டெவில் நோஸ் யூ ஆர் டெட்'. பெற்றோரின் நகைக்கடையையே கொள்ளையடிக்கத் திட்டம் போடும் மகன்கள். ஓய்வு பெறும்போது கிடைக்கும் சேமலாப நிதிக் காசு கைக்கு வந்த வாரத்தில் நம் வீடுகளில் நடக்கிற சண்டைக்கு மிகவும் கிட்டே வரும் கதை இதுதான். அம்மாவின் பெருவிரல் அடையாளத்தை யார் எந்தத் தாளில் வாங்கினார்கள் என்பதிலேயே ஒரு முழுப் படம் இருக்கிறது. ஆனால் முன்னுக்கும் பின்னுக்கும் தாவும் அதன் காலவரிசை, முதல் படம் எடுப்பவரை எளிதில் குழப்பிவிடும், நடிப்பும் பெரிய நடிகர்களின் தோளில் நிற்கிறது.

கிரானிக்கின் வழியோ நமக்குக் கையெட்டும். உண்மையான வீடுகளில் எடுத்தார், அந்தப் பகுதி ஆட்களை நிறைய நடிக்க வைத்தார், ரீயின் தங்கச்சியாக வருபவள் அந்த வீட்டுப் பிள்ளையே. நாமும் ஒரு லயத்து இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) கமராவை வைத்துத் தொடங்கலாம். துப்பாக்கியையும் அமெரிக்கப் போதைப்பொருளையும் மட்டும் அங்கேயே விட்டுவிடுங்கள், நமக்குக் கசிப்பு (கள்ளச்சாராயம்) இருக்கிறது, அடகுக்கடை இருக்கிறது, வீட்டுக்கு வீடு தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி இருக்கிறது. விண்டர்ஸ் போன் மெதுவாகப் போகும், முதல் அரைமணி நேரம் பொறுமை வேண்டும். அதைப் பார்த்துவிட்டு உங்கள் கதையின் முதல் வரைவை எழுதி முடியுங்கள், வசனத்தைத் திருத்த உட்காரும்போது ஹெல் ஆர் ஹை வாட்டரைப் போட்டுப் பாருங்கள்.