கதவுச் சத்தத்தை நம்பி வாங்கிய கார்

சிவகாசியில் சின்னதாக ஓர் ஆஃப்செட் அச்சகம் வைத்திருக்கிறேன். ஆடிப்பெருக்கு அன்று காலண்டர் ஆல்பம், அதாவது புது வருட மாதிரிகளின் தொகுப்பு, போட்டதும் அதைத் தூக்கிக்கொண்டு மதுரை, கோவில்பட்டி, திருநெல்வேலி என்று ஆர்டர் பிடிக்க அலைய வேண்டும். பன்னிரண்டு வருடமாக ஒரு பழைய ஆம்னியில்தான் அலைந்தேன். 2024இல் வண்டி மாற்றலாம் என்று முடிவெடுத்தோம். ஒன்பது லட்சம் வரை புரட்ட முடிந்தது. அதில் 8.75 லட்சம் எப்படிப் போனது என்பதுதான் இந்தப் பதிவு. "அதே காசுக்கு வெளிநாட்டு வண்டியே கிடைக்குதே" என்று பழைய கார் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒருமுறை படித்துவிடுங்கள். வழக்கு நடப்பதால் கடையின் பெயரையும் கார் கம்பெனியின் பெயரையும் எழுதவில்லை. ஐரோப்பிய கம்பெனி, 2019 மாடல், பெட்ரோல், ஆட்டோமேட்டிக் செடான். அவ்வளவு போதும்.

வீட்டில் இரண்டு கட்சி. மாமனார் இருபது வருடம் அம்பாசடர் ஓட்டியவர். "நம்ம நாட்டு வண்டியா வாங்குங்க மாப்பிள்ளை. டாடா, மகிந்திரான்னு எதையாவது புதுசா எடுங்க. நடுரோட்டுல நின்னாலும் கை வைக்கத் தெரிஞ்சவன் ஊருக்கு நாலு பேர் இருப்பான்" என்றார். மைத்துனன் சென்னையில் ஐ.டி. வேலை. அவன் வேறு மாதிரி. "அத்தான், அந்த வண்டிக் கதவை ஒரு தடவை சாத்திப் பாருங்க. அந்தச் சத்தத்துக்கே காசு கொடுக்கலாம்" என்றான்.

இரண்டு பேர் சொன்னதிலும் ஓட்டை இருந்தது. மாமனார் கொண்டாடும் அம்பாசடரே இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுதான். வங்காளத்தில் உத்தரபாராவில் செய்தார்கள், அவ்வளவே. நம்ம வண்டி என்று ஊரே வாங்கும் மாருதியில் பெரும்பங்கு ஜப்பான் சுசுகியுடையது. ஹூண்டாய் கொரியாக் கம்பெனி, ஆனால் 1998இலிருந்து நம் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் வண்டி செய்கிறது. இங்கிலாந்தின் ஜாகுவார், லேண்ட் ரோவர் 2008இலிருந்து டாடாவிடம். உள்நாட்டு வண்டி தகரம் என்கிற பேச்சும் பழசு. டாடாவின் நெக்ஸான் 2018இலேயே குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிவிட்டது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே இரண்டு மாதம் தினமும் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் இதே பட்டிமன்றம். உள்நாடா வெளிநாடா என்பதைப் பேசித் தீர்த்தால் கார் வாங்கும் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டோம். குறிப்பிட்ட அந்த ஒரு வண்டி எங்கே இருந்தது, அதற்கு என்ன நடந்தது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

ஆடி முடியட்டும் என்று காத்திருந்து ஆவணி பிறந்ததும் கோயம்புத்தூரில் ஒரு கார் கன்சல்டிங்குக்கு, அதாவது பழைய கார் விற்கும் கடைக்குப் போனோம். கிரே கலர், சிங்கிள் ஓனர், 42,000 கிலோமீட்டர், ஷோரூமில் மட்டுமே சர்வீஸ் என்றார் கடைக்காரர். டேஷ்போர்டு எண்ணெய் தேய்த்த மாதிரி பளபளத்தது. கண்ணாடியில் மல்லிகை வாசனை அட்டை ஒன்று இல்லை, மூன்று தொங்கின. மூன்று எதற்கு என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கடைக்காரர் நான் எதுவும் கேட்பதற்கு முன்பே கதவைத் திறந்து சாத்திக் காட்டினார். கனமாக, அமுங்கின மாதிரி ஒரு சத்தம். "கேட்டீங்களாங்ணா? தகர டப்பா சத்தம் வருதா? புதுசு எடுத்தா ரோடு போட்டுப் பதினஞ்சுக்கு மேல வருங்ணா" என்றார். மைத்துனன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்த இடத்தில் முடிந்தது கதை. அரை மணி நேரம் அவிநாசி ரோட்டில் ஓட்டினேன், வெண்ணெய் மாதிரி போனது.

மாமனார் ஊரில் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவரைக் கூட்டிப்போகச் சொல்லியிருந்தார். அவருக்கு வெளிநாட்டு வண்டி பழக்கமில்லை, வந்தும் பிரயோசனமில்லை என்று நாங்களே முடிவு செய்து விட்டுவிட்டுப் போனோம். மடத்தனம். வெள்ளம் புகுந்த வண்டியைக் கண்டுபிடிக்க ஜெர்மனியில் படித்திருக்க வேண்டியதில்லை.

ஏழு லட்சம் வங்கியில் போட்டேன். அதுவும் கடைக் கணக்கில் இல்லை, தம்பி சம்சாரம் கணக்கு என்று ஓர் எண்ணைக் கொடுத்தார்கள். மீதி 1.75 லட்சம் ரொக்கம், ரசீது கிடையாது. ஒரு வெள்ளைத்தாளில் "வண்டியை ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடைந்து உள்ளது உள்ளபடி பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். இருபது வருடமாக அடுத்தவனுக்கு பில் புக் அடித்துக் கொடுக்கிற நான், பில் இல்லாமல் கார் வாங்கினேன்.

இரண்டு மாதம் ஒன்றும் இல்லை. ஐப்பசி மழை தொடங்கியதும் பின் கண்ணாடி தானாக இறங்கியது. மறுநாள் சாவியை உருவிய பிறகும் ரேடியோ பாடியது. அப்புறம் ஒரு ராத்திரி மதுரையிலிருந்து திரும்பும்போது கள்ளிக்குடி தாண்டியதும் மீட்டரில் இருக்கிற விளக்கெல்லாம் ஒன்றாக எரிந்து வண்டி நின்றுவிட்டது. கியர் விழவில்லை. பின்சீட்டில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள், பக்கத்தில் லாரிகள் உறுமிக்கொண்டு போயின. ஆட்டோமேட்டிக் வண்டியைக் கயிறு கட்டி இழுக்கக் கூடாது; மேலே ஏற்றிப் போகும் ரெக்கவரி வண்டி வர மூன்று மணி நேரம் ஆனது. எனக்குப் பக்கத்தில் கம்பெனி சர்வீஸ் சென்டர் என்றால் மதுரைதான். வந்த வழியே திரும்பிப் போனோம்.

சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் மாட்டிப் பார்த்த பையன் முதலில் எதுவும் சொல்லவில்லை. உள்ளே போய் இன்னொருவரைக் கூட்டி வந்தான். அவர் திரையைப் பார்த்துவிட்டு, "வண்டி எங்க வாங்குனீங்க சார்?" என்று மட்டும் கேட்டார். மீட்டரில் 45,000 இருந்தது. கியர்பாக்ஸின் கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்த பழைய பழுது ஒன்று 71,000 கிலோமீட்டரில் வந்ததாகக் காட்டியது. மீட்டரைத் திருத்தினவன் உள்ளே இருக்கும் மற்றப் பெட்டிகளைத் திருத்த மறந்துவிட்டான். சேஸிஸ் நம்பரைத் தட்டிப் பார்த்தார்கள். பழைய ஓனரின் விவரம் தர முடியாது என்று சொல்லிவிட்டு, கடைசியாக வண்டி உள்ளே வந்த தேதியை மட்டும் காட்டினார்கள். 2023 டிசம்பர், சென்னை. காரணம் என்ற கட்டத்தில் வெள்ளச் சேதம்.

டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டிப் போட்டது நினைவிருக்கும். வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கமெல்லாம் கார்கள் மிதந்த படங்களை நானே பார்த்து உச்சுக் கொட்டியிருக்கிறேன். என் வண்டி நம்பர் டி.என். 14, அதாவது சோழிங்கநல்லூர். எல்லாம் கண்ணெதிரே இருந்திருக்கிறது.

எஸ்டிமேட் 4.3 லட்சம். வயரிங் முழுசும், இரண்டு கம்ப்யூட்டர் பெட்டிகள், கியர்பாக்ஸை இயக்கும் யூனிட். அந்த யூனிட் வர ஆறு வாரம் ஆகும், முன்பணம் முழுசும் கட்ட வேண்டும், ஒருமுறை வரவழைத்தால் திருப்பி எடுக்க மாட்டார்கள். வண்டியை மறுபடி ஏற்றி ஊருக்கே கொண்டு வந்துவிட்டேன்.

நாங்கள் வேண்டாம் என்று விட்டுப்போன மெக்கானிக் அண்ணன்தான் இப்போது பார்த்தார். டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் உருவினார். வழக்கமாக வெளியே வருகிற பகுதி சுத்தமாக இருந்தது, கழுவியிருக்கிறார்கள். கடைசி ஒன்றரை அடியில் தேநீர்க் கறை மாதிரி ஒரு கோடு, அதற்குக் கீழே முழுக்கப் பழுப்பு. "தண்ணி இது வரைக்கும் நின்னுருக்கு" என்று கோட்டின் மேல் விரலை வைத்தார். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினார், அடியில் குழியில் துரு. சீட்டை முன்னால் தள்ளி அந்தத் தண்டவாளத்தைக் காட்டினார், அங்கேயும் துரு. கால்மிதிக்கு அடியில் கார்பெட்டைப் பிய்த்தால் காய்ந்த வண்டல். அவருக்கு மொத்தம் பத்து நிமிடம் ஆனது. பிறகு சாவியைப் போட்டு மீட்டரைப் பார்க்கச் சொன்னார். ஏர்பேக் விளக்கு ஒரு தடவை எரிந்து அணைய வேண்டும். என் வண்டியில் எரியவே இல்லை. ஏர்பேக் வேலை செய்யாதது தெரியக் கூடாது என்று விளக்கையே முடக்கியிருக்கிறார்கள். மகளை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் அதில் ஓட்டியிருக்கிறேன். மற்றதெல்லாம் பணம், போகட்டும். இதை மட்டும் என்னால் விட முடியவில்லை.

இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். சரிசெய்யும் செலவு வண்டியின் இன்சூரன்ஸ் மதிப்பில், அதாவது ஐ.டி.வி.யில், 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ் என்று ஓனருக்குப் பணம் கொடுத்துவிடுவார்கள். வண்டி ஏலத்துக்குப் போகும். ஆர்.சி.யோடு, அதாவது பதிவுச் சான்று ரத்தாகாமல், போகிற வண்டியை எடுத்துக் காயவைத்து, கழுவி, வாசனை அட்டை மாட்டி வெள்ளம் வராத ஊரில் நிறுத்துவார்கள். வெளிநாட்டு செடான் இதற்கு ரொம்பத் தோது. எலெக்ட்ரானிக்ஸ் அதிகம் என்பதால் கொஞ்சம் தண்ணீர் புகுந்தாலே செலவு எகிறி டோட்டல் லாஸ் ஆகிவிடும், வெளித்தோற்றமோ கெடாது. ஏலத்தில் மலிவு, கடையில் கௌரவம். நாங்கள் கதவுச் சத்தத்தில் மயங்கினோமே, வெள்ளத்தில் ஊறினாலும் கதவு அதே சத்தம்தான் போடும்.

வண்டி விவரம் காட்டும் அரசாங்க எம்பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டிருந்தால் நான் இரண்டாவது இல்லை, மூன்றாவது ஓனர் என்று தெரிந்திருக்கும். 2024 மார்ச்சில் ஒரு தடவை பெயர் மாறியிருக்கிறது. வாங்கும்போது ஆர்.சி.யில் வேறு பெயர் இருக்கிறதே என்று மனைவி கேட்டாள். "அண்ணன் தம்பிக்குள்ள மாத்துனதுங்க" என்றார் கடைக்காரர், நானும் தலையாட்டினேன். இன்சூரன்ஸும் மார்ச்சில் புதிதாகப் போட்ட தேர்ட் பார்ட்டி மட்டும். ஐந்து வருடம் ஷோரூமில் பார்த்துப் பார்த்து சர்வீஸ் செய்தவன் முழு இன்சூரன்ஸையும், க்ளெய்ம் வாங்காததற்குக் கிடைக்கும் போனஸையும் ஏன் விட்டான்? பழைய பாலிசியின் நகலைக் கேளுங்கள். தராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். சர்வீஸ் ஹிஸ்டரி என்று வாட்ஸ்அப்பில் வரும் படத்தை நம்ப வேண்டாம், வண்டியையே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். சில ஆயிரத்தோடு போய்விடும்.

கடைக்காரரிடம் போனேன். "நான் வெறும் புரோக்கர்ங்ணா, நீங்க வாங்குனது ஓனர்கிட்ட" என்றார். ஓனர் போன் எடுக்கவில்லை. கேட்டு வையுங்கள்: 2023 ஏப்ரலிலிருந்து பழைய வண்டி விற்கும் டீலர் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் வாங்க வேண்டும், வண்டி அவர் கைக்கு வந்ததை படிவம் 29சி மூலம் தெரிவிக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. இவரிடம் இரண்டும் இல்லை. இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டிருந்தால் அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும்.

நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். 2019 சட்டப்படி கோயம்புத்தூருக்கு ஓட வேண்டியதில்லை, குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். ஐந்திலிருந்து பத்து லட்சம் வரைக்குக் கட்டணம் 200 ரூபாய். இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். வக்கீல் முதலில் கேட்டது ஏழு லட்சம் போன வங்கிக் கணக்கின் ஸ்டேட்மென்ட்டை. ரொக்கமாகக் கொடுத்த 1.75 லட்சத்தை மறந்துவிடுங்கள் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

மாமனார் சொன்னது சரியாகிவிட்டதா என்று கேட்பீர்கள். பாதிதான். மாருதியோ டாடாவோ மூழ்கியிருந்தாலும் இதே கடைக்காரர் இதே மாதிரி விற்றிருப்பார். ஆனால் 4.3 லட்சத்துக்குப் பதிலாக ஒரு லட்சத்துக்குள் எழுப்பியிருக்கலாம், ஊரிலேயே செய்திருக்கலாம். வெளிநாட்டுக் கம்பெனி விஷயத்தில் இன்னொரு பயமும் நிஜம்: 2017 கடைசியில் செவ்ரொலே இங்கே விற்பனையை நிறுத்தியது, 2021 செப்டம்பரில் ஃபோர்டு இங்கே வண்டி தயாரிப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. அந்தக் கணக்கையெல்லாம் தாராளமாகப் போடுங்கள். வண்டியின் சீட் பெல்ட்டை உருவிப் பார்த்த பிறகு போடுங்கள்.

போன மாதம் கடைக்காரரே கூப்பிட்டார். மூன்று லட்சம் தருகிறேன், வண்டியைக் கொடுத்துவிட்டுக் கேஸை வாபஸ் வாங்குங்கள் என்றார். இந்த நிலையில் வாங்கி என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "ரெடி பண்ணி கர்நாடகா பக்கம் தள்ளிருவோம்ங்ணா, அது உங்களுக்கு எதுக்கு?" என்றார். மனைவி பக்கத்தில் நின்று ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளே போனை வாங்கிக் கட் செய்தாள்.

வண்டி மெக்கானிக் அண்ணன் ஷெட்டில் வேப்பமரத்தடியில் நிற்கிறது. நான் ஆம்னியைத் தேடிப் போனேன், வாங்கினவர் தர மாட்டேன் என்கிறார்.