அமைச்சர் முகத்தைக் காட்டி 84,500 ரூபாயைப் பிடுங்கிவிட்டார்கள்

கை இன்னும் நடுங்குகிறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று மதியம்தான் தெரிந்தது, என் 84,500 ரூபாய் போயே போய்விட்டது. மகளின் செமஸ்டர் கட்டணத்துக்காகச் சீட்டு எடுத்து வைத்திருந்த பணம்.

எல்லோரும் பார்க்கும் ஒரு வீடியோ தளம். சமையல் வீடியோவுக்கு நடுவில் விளம்பரம். நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பேசுகிறார், 21,000 ரூபாய் போட்டால் மாதாமாதம் லட்சக்கணக்கில் வருமாம், அரசுத் திட்டமாம். இந்தியில் வந்திருந்தால் தள்ளிவிட்டிருப்பேன். தமிழில், பேட்டிகளில் கேட்ட அதே குரல். தொட்டால் நாளிதழ் பக்கம் மாதிரியே ஒரு செய்தி, கீழே "எனக்குப் பணம் வந்துவிட்டது" என்று வரிசையாகக் கருத்துகள்.

அப்போதும் முழுசாக நம்பவில்லை. 21,000 போட்டதும் 'உங்கள் மேலாளர்' என்று ஒருவன் கூப்பிட்டான். "அக்கா, சந்தேகம்னா கொஞ்சம் எடுத்துப் பாருங்க" என்றான். 1,500 எடுத்தேன். பத்தே நிமிடத்தில் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது. அந்தப் பத்து நிமிடம்தான் என்னைக் கவிழ்த்தது. மறுநாளே 65,000 அனுப்பினேன். இரண்டு முறையும் பணம் போனது யாரோ தனிநபர் பெயரில் இருந்த கணக்குக்கு. அரசுத் திட்டத்துக்கு இது எதற்கு என்று கேட்கும் புத்தி அப்போது எங்கே போனதோ.

அவர்கள் கொடுத்த ஆப்பில் என் கணக்கில் மூன்று லட்சம் காட்டியது. எடுக்கப் போனால், முதலில் 30 சதவீத வரி கட்டணுமாம். முடியாது என்றேன். அதோடு அந்த 'மேலாளர்' போன் சுவிட்ச் ஆஃப்.

வங்கியில், "நீங்களே பின் போட்டு அனுப்பியது மேடம்" என்று தலையைக்கூட நிமிர்த்தாமல் பதில். மேலாளரைப் பார்க்கணும் என்றால் லீவாம். விளம்பரத்தைப் பற்றி அந்தத் தளத்தில் புகார் செய்தேன், விதிமுறைகளை மீறவில்லை என்று பதில் வந்தது. இன்று காலை அதே விளம்பரம் என் வீட்டுக்காரர் போனில் ஓடுகிறது! காசு வாங்கிக்கொண்டுதானே ஓட்டுகிறார்கள்?

அண்ணன் மகன் வந்து வீடியோவை மெதுவாக ஓட்டிக் காட்டினான். ப, ம என்று சொல்லும்போது உதடு ஒட்டவே இல்லை. அமைச்சரை வைத்து வரும் இப்படிப்பட்ட வீடியோக்கள் போலி என்று மத்திய அரசின் செய்திப் பிரிவான பிஐபி முன்பே சொல்லியிருக்கிறதாம். ரிசர்வ் வங்கி ஆளுநர் முகத்தையும் இப்படியே பயன்படுத்தியிருக்கிறார்கள், 2024 நவம்பரில் ரிசர்வ் வங்கியே எச்சரித்திருக்கிறது. தேடிப் பார்த்திருந்தால் இரண்டு நிமிடம் ஆகியிருக்குமா?

என்னென்ன பார்க்கணும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஓடவில்லை. அமைச்சரோ ஆளுநரோ விளம்பரத்தில் வந்து பணம் போடச் சொன்னால் நம்பாதீர்கள். கொஞ்சம் பணம் திரும்பி வந்ததே என்றும் நம்பாதீர்கள். பணம் போய்விட்டால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள், மோசடிக்காரர்கள் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றுவதற்குள் முடக்கணும். நான் வங்கி வாசலில் நின்றே ஒரு நாளை விட்டுவிட்டேன்.

வங்கியில் எழுதிக் கொடுத்துப் பணம் திரும்பக் கிடைத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். கட்டணத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள்.