வாப்பாவின் பேஸ்மேக்கரும் ஒயர் நம்பரும்

இந்த முறை துபாயிலிருந்து கீழக்கரைக்கு வந்த லீவில் பாதி நாள் வாப்பாவின் இடுப்பு வலிக்கே சரியாகப் போயிற்று. கால் மரத்துப்போகிறது என்றதும் டாக்டர் எம்ஆர்ஐ எழுதிக் கொடுத்தார்.

ராமநாதபுரத்தில் ஒரு ஸ்கேன் சென்டர். நான் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போவதற்குள், உடம்பில் இரும்பு ஏதும் வைத்திருக்கிறதா என்று கேட்டதற்கு வாப்பா இல்லை என்று சொல்லியிருக்கிறார், அவரைப் பொறுத்தவரை நெஞ்சில் இருப்பது இதயத்தைச் சீராகத் துடிக்க வைக்கும் மெஷின், இரும்பு இல்லை. அந்தப் பெண் அதோடு விடவில்லை. சட்டையைக் கழற்றச் சொல்லி, காறை எலும்புக்குக் கீழே இருந்த மேட்டைப் பார்த்து, "ஐயா, இது பேஸ்மேக்கர் இல்லையா?" என்று நிறுத்தியிருக்கிறார். அவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

வீட்டுக்கு வந்து பீரோவில் பேஸ்மேக்கர் கார்டைத் தேடி எடுத்தோம். 2019இல் மாற்றிய பெட்டி (பேட்டரி உள்ள பகுதி), 'எம்ஆர்ஐ கண்டிஷனல்' என்றே போட்டிருந்தது, அதாவது சில நிபந்தனைகளோடு எம்ஆர்ஐ எடுக்கலாம். அப்பாடா என்று ஸ்கேன் சென்டருக்குப் போன் பண்ணினால், பெட்டியிலிருந்து இதயத்துக்குப் போகும் ஒயரின் நம்பர் என்ன என்கிறார்கள். அதுதான் விஷயமே. மாற்றியது பெட்டியை மட்டும், ஒயர் 2009இல் வைத்த அதே ஒயர். அமெரிக்காவிலேயே எம்ஆர்ஐக்கு ஏற்ற பேஸ்மேக்கருக்கு முதல் அனுமதி 2011இல்தான் கிடைத்தது. ஸ்கேன் மெஷினின் ரேடியோ அலையை ஒயர் ஆன்டெனா மாதிரி வாங்கினால், அதன் நுனி சூடாகி இதயத் தசையைச் சுடலாம். பெட்டி, ஒயர் இரண்டும் சேர்ந்து பொருந்தினால்தான் கண்டிஷனல்.

பேட்டரி மாற்றிய ஆஸ்பத்திரி புது கார்டில் ஒயர் நம்பரை எழுதவே இல்லை, அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. நல்லவேளை, உம்மா 2009 டிஸ்சார்ஜ் தாளை ஒரு மஞ்சப்பையில் பத்திரமாக வைத்திருந்தார்.

அப்புறம் மதுரை. பழைய ஒயர்களில் சில வகைகளைப் பின்னால் சோதித்து ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள், வாப்பாவுடையது அதில் ஒன்று. காந்த வலிமை 1.5 டெஸ்லா உள்ள மெஷின். ஸ்கேனுக்கு முன்னால் டெக்னீஷியன் வந்து பேஸ்மேக்கரை எம்ஆர்ஐ மோடுக்கு மாற்றினார், இல்லாவிட்டால் அந்த அலையை இதயத் துடிப்பு என்று தவறாக எடுத்துக்கொண்டு அது துடிப்பைக் கொடுக்காமல் நின்றுவிடலாமாம். உள்ளே இருந்த நேரம் முழுக்க ஈசிஜியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். முடிந்ததும் பழைய செட்டிங்குக்கு மாற்றி, ஒயரையும் பேட்டரியையும் சரிபார்த்த பிறகுதான் எழுந்திருக்க விட்டார்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது பேட்டரி மாற்றினால், டிஸ்சார்ஜ் ஆகும்போதே பெட்டி நம்பர், ஒயர் நம்பர் இரண்டையும் எழுதி வாங்கிவிடுங்கள். வாப்பாவுடையதை லேமினேட் பண்ணி அவர் பர்ஸில் வைத்துவிட்டு, போட்டோவைத் தம்பிக்கும் அனுப்பிவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.