சாட்ஸ்வர்த் லேப்பில் சர்க்கரைத் தண்ணீர் டெஸ்ட்: கடிகாரம் சரி, பெட்டிதான் சரியில்லை

24 முதல் 28 வாரத்துக்குள் கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் குளுக்கோஸ் டெஸ்டுக்கு, தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தில் உள்ள ஒரு தனியார் லேப் கிளை. காலை ஏழுக்கே திறக்கிறார்கள். வெறும் வயிற்றோடு வருகிறவர்களை வரிசையில் நிறுத்துவதில்லை.

75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிஷத்துக்குள் குடிக்க வேண்டும். முதல் மடக்கு உள்ளே போனதுமே சிஸ்டர் நேரத்தைக் குழாய் லேபிளில் எழுதிவிடுகிறார். குடித்து முடித்த பிறகு மணி பார்ப்பது தப்பு. வாந்தி வந்தால் மறுபடி ஊற்றிக் கொடுக்காமல் வேறு நாள் தருகிறார்கள். இரண்டு மணி நேரமும் உட்கார்ந்தே இருக்கச் சொல்கிறார்கள்; நாற்காலிகளும் பரவாயில்லை.

குத்துவது அம்மாவின் கையில், கவலை பிள்ளையின் ரத்தத்தைப் பற்றி. அம்மாவின் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியே தாராளமாகக் கடக்கும், இன்சுலின் கடக்காது. அதனால் பிள்ளையின் கணையமே கூடுதலாகச் சுரக்கிறது. அந்த இன்சுலின் கொழுப்பைச் சேர்க்கும், ஆக்சிஜன் செலவையும் ஏற்றும். ஈடுகட்ட ரத்தச் சிவப்பணுக்கள் பெருகும். பிறந்து கொடி அறுத்ததும் சர்க்கரை வரத்து நின்றுவிடும், இன்சுலின் உடனே அடங்காது. பிள்ளைக்குச் சர்க்கரை தாழ்வது அதனால்தான்.

எல்லை எண்கள் (mmol/L அளவில்): வெறும் வயிற்றில் 5.1, ஒரு மணி நேரத்தில் 10.0, இரண்டு மணி நேரத்தில் 8.5. இதில் ஒன்றைத் தொட்டாலே கர்ப்பகால நீரிழிவு. இவ்வளவு நெருக்கமான எல்லைக்கு இந்தக் கிளையில் ரத்தக் குழாய்களை வைக்கும் பெட்டி போதாது. சாம்பல் மூடிக் குழாயில் சர்க்கரை குறையாமல் தடுக்கும் ஃப்ளோரைடு இருக்கிறதே என்று ஐஸ் வைப்பதில்லை. மெயின் லேப்புக்கு எடுத்துப்போகும் வண்டி வரும்வரை குழாய் மேசையிலேயே கிடக்கிறது. ஃப்ளோரைடு முழுசாக வேலை செய்ய ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும். அதுவரை ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டேதான் இருக்கும். டர்பன் பிப்ரவரி வெக்கையில் 5.3 என்று வர வேண்டியது 5.0 ஆகி, 'நார்மல்' என்று தாள் வந்துவிடலாம்.

சீட்டில் 'இரவிலிருந்து சாப்பிட வேண்டாம்' என்று மட்டும் போட்டிருப்பதும் குறை. அதற்கு முந்தைய மூன்று நாள் சோறு, ரொட்டி வழக்கம்போல உள்ளே போயிருக்க வேண்டும். குறைத்தால் எண் பொய்யாக ஏறும். புரட்டாசியில் ஒருபொழுது இருப்பவர்கள் தேதியைத் தள்ளிப்போடுவதே நல்லது.

போகுமுன் போன் போட்டு, ரத்தத்தை அங்கேயே அரை மணிக்குள் மெஷினில் சுற்றிப் பிரிப்பார்களா, ஐஸில் வைப்பார்களா என்று கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் மெயின் லேப்புக்கே போய்விடுங்கள்.