சென்னைக்கு டிக்கெட்: பொயின்ட்ஸா காசா?

வெள்ளவத்தையில எங்கட வீட்ட வாற ஆக்கள் எல்லாம் இதத்தான் கேக்கினம், கார்ட்ல பொயின்ட்ஸ் கிடக்கு, சென்னைக்குப் போக அத எடுக்கிறதா காசு கட்டுறதா எண்டு.

செலவு: பொயின்ட்ஸ் டிக்கெட் ஃப்ரீ இல்ல, டக்ஸ் கையால கட்டோணும். காசு டிக்கெட் 75,000 ரூபா, பொயின்ட்ஸ்ல எடுத்தா 20,000 பொயின்ட்ஸும் 35,000 ரூபா டக்ஸும் எண்டு வைப்பம். மிச்சம் 40,000, அப்ப ஒரு பொயின்ட்டுக்கு 2 ரூபா. அதே பொயின்ட்ட சுப்பர்மார்க்கட் வவுச்சரா மாத்தினா 1 ரூபாதான் வருமெண்டா டிக்கெட்டுக்கே பாவிங்கோ. கிட்டத்தூரப் பயணத்தில டக்ஸே பாதி விலைய முழுங்கிறதால இந்தக் கணக்கப் பாக்காம எடுக்காதேங்கோ.

சீட்: காசெண்டா கடைசி சீட்டும் கிடைக்கும். பொயின்ட்ஸுக்கு ஒதுக்கிறது கொஞ்சம்தான், பள்ளிக்கூட லீவு நேரம் தேடவே வேணாம். மச்சாள்ட கலியாணத்துக்கு நான் இரவு 1 மணி வரைக்கும் ஃபோன நோண்டிப்போட்டு கடைசில காசுதான் கட்டினன்.

திரும்பச் சேர்றது: காசு டிக்கெட்டுக்கு மைல்ஸ் (விமானக் கம்பனி தாற பொயின்ட்ஸ்) விழும், பொயின்ட்ஸ் டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் இல்ல.

ஆனா தூரப் பயணமெண்டா கதை வேற. ஶ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் 2014ல வன்வேர்ல்ட் எண்ட விமானக் கம்பனிகளின்ட கூட்டணில சேர்ந்தது, அதால ஶ்ரீலங்கன்ட மைல்ஸ் திட்டமான ஃப்ளைஸ்மைல்ஸ்ல சேர்ற மைல்ஸால அதே கூட்டணில இருக்கிற கட்டார் ஏர்வேஸ்லயும் போகலாம், லண்டன் பிஸ்னஸ் கிளாஸுக்கு மைல்ஸச் சேத்து வைங்கோ. சென்னை, திருச்சிக்கு ஒஃபர் வாற நேரம் காசே நல்லம். பொயின்ட்ஸ் எக்ஸ்பயர் ஆகப்போகுதெண்டா மட்டும் யோசிக்காம இப்பவே எடுங்கோ.