ரஸ்ட் கன்வெர்ட்டர்: அம்பாசடர் முன்கண்ணாடி ஓரத்துக்குப் போதுமா?

டானிக் (tannic) அமிலம் கலந்த ரஸ்ட் கன்வெர்ட்டர், அதாவது துருவைக் கருப்புப் படலமாக மாற்றும் திரவம், மேல்துருவுக்கு நல்ல சரக்கு, ஓட்டைக்கு உதவாது. அம்பாசடரில் முன்கண்ணாடியை ரப்பர் பீடிங்தான் பிடித்திருக்கிறது. ரப்பர் இறுகி வெடித்ததும் தண்ணீர் உள்ளே இறங்கி, கீழ் மூலைகளில் தேங்கி, தகட்டை அரிக்கும். கண்ணாடியைக் கழற்றாமல் மேலாகப் பூசுவது வீண்செலவு.

கழற்றி, உதிரும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டிய பிறகு கன்வெர்ட்டரை மெல்லிசாக இரண்டு கோட் பூசுங்கள். கருப்பாக மாறினால் வேலை செய்கிறது என்று அர்த்தம். 24 மணி நேரம் காயவிட்டு பிரைமர் அடிக்கலாம். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் பொத்துக்கொள்ளும் இடத்தை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். வெட்டாமல் வெறும் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) பார்த்தால் ஈரத்தை உறிஞ்சி மறுபடி பொரியும். புளிப்பு வாடை அடிக்கும் சிலிக்கான் வேண்டவே வேண்டாம், அதிலிருந்து வரும் அசிட்டிக் அமிலமே இரும்பைத் தின்னும். பழைய பீடிங்கைத் திரும்பப் போடாதீர்கள்.